சாக்கு வாங்கியவர்கள் சொன்ன சாக்கு

"யாரு பாக்கின்னு பேரைச் சொல்லுங்க, இப்பவே எடுத்து வைக்கிறேன்" என்றார் கருப்பையா அம்பலம்.

மணமேல்குடியில் அவருடைய கருவாட்டுக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நெத்திலியும் வாளையும் குவியல் குவியலாகக் கிடந்தன. தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மணல் சூடு காலில் ஏறியது.

"புதுக்கோட்டை சாக்குக் கடை பாக்கிங்க" என்றேன்.

"புதுக்கோட்டையில சாக்கு விக்கிறவங்க நாலஞ்சு பேரு இருக்காங்களே! எல்லாருகிட்டயும்தான் வாங்குறேன். எந்தக் கடை?"

"எங்க வீட்டுக்காரரு கடைங்க."

"அவரு பேரு?"

அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம் அது. ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வந்தவரிடம் பக்கத்து வீட்டு அம்மாள்தான் எனக்காகச் சொன்னாள்.

"பழனியில ஆண்டியா நிக்கிறாருல்ல, அவரு கையில வச்சிருக்கிறதுங்க" என்றேன்.

"வேலா? வேலுச்சாமியா?"

"வேல் இல்லீங்க. கோலு."

"கோலப்பனா? அப்படி ஒரு சாக்குக்காரரு கிடையாதே."

பெண்கள் சிரித்தார்கள். என்னோடு வந்திருந்த ராக்காயி முழங்கையால் இடித்து, "நான் சொல்லவா தாயி?" என்றாள். சொல்லவிட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் ஏதோ செய்துவிட்டது.

"தண்டாயுதம்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

சிரிப்பு நின்றது. அம்பலம் என்னை ஒரு கணம் பார்த்தார். ஒரு முக்காலியை இழுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார், வேறு குரலில்.

சாக்கு வியாபாரம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களுடையது பழைய சாக்கு வியாபாரம். திருச்சியில் மொத்தமாக வாங்குவோம். புதுக்கோட்டை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டடியில் ராக்காயியும் இன்னும் சில பெண்களும் கிழிசலைத் தைப்பார்கள். தைத்த சாக்கு கடலைக்காரர்களுக்கும், உப்புக்காரர்களுக்கும், கடலோரத்துக் கருவாட்டு வியாபாரிகளுக்கும் போகும்.

பார்க்கிறவர்களுக்கு எல்லாச் சாக்கும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. அடுப்படியில் இருந்தாலும், வண்டி வந்து மூட்டை பிரிந்ததும் அது முன்பு என்ன சுமந்தது என்று மோந்து பார்ப்பேன். மல்லிச் சாக்கு ஒரு மாதிரி, புளிச் சாக்கு ஒரு மாதிரி. வெல்லச் சாக்கை எறும்பே சொல்லிவிடும். அது எனக்கு ஒரு விளையாட்டு. வியாபாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சாக்குக்குத் தட்டுப்பாடு. விலை ஏறியதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் விற்ற பணம் வரவில்லை. எங்களிடம் சாக்கு வாங்கியவர்கள் எங்களுக்கே சாக்குச் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சாக்கு அடுக்கின் மேலிருந்து விழுந்தார். இடது கால் முறிந்தது. கட்டு வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, "எந்திரிச்சா நொண்டிதான்" என்று பயமுறுத்திவிட்டுப் போனார். அதே வாரம் திருச்சியிலிருந்து ஆள் வந்தது. மாசக் கடைசிக்குள் பழைய பாக்கியைத் தீர்க்காவிட்டால் இனி எங்களுக்குச் சரக்கு கிடையாது, வேறு ஆளைப் பார்த்துக் கொடுத்துவிடுவோம் என்றது.

ராக்காயி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மற்றப் பெண்களுக்கும் கூலி ஏற்கனவே பாக்கி.

வெளியே நின்ற பணத்தில் பெரியது அம்பலத்தாருடையது. அது ஒன்று வந்தால் போதும், திருச்சிக்காரர் வாயை அடைத்துவிடலாம். "நான் போயிட்டு வாரேன்" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்புறம் யோசித்தார். வேறு ஆள் இல்லை.

தராதவர்களில் எத்தனை வகை

முதலில் உள்ளூரில் பழகிக்கொண்டேன். பாக்கி கேட்கப் போவது எனக்குப் பிடித்துப்போனது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. அதற்குமுன் அடுத்த தெருக் கடைக்குள்கூட நான் காலெடுத்து வைத்ததில்லை. இப்போது மண்டிகளின் உள்பக்கமெல்லாம் பார்த்தேன்.

ஒருவர் நான் தலை காட்டியதும் சாமி கும்பிட உட்கார்ந்துவிடுவார். நான் எழுந்து போகும்வரை அவருடைய பூஜை முடியாது. இன்னொருவர் எனக்கு முன்னால் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டு நானே இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கும். கடலை மண்டிக்காரர் ஒருவர் பணத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். இலை போட்டுச் சாப்பாடு போடுவார். அவர் வீட்டு அவியலைச் சாப்பிட்ட வாயால் பாக்கியைக் கேட்க எப்படி வரும்?

ஆனால் கோபமாகத் தராதவர்கள்தான் எனக்குப் புதிராக இருந்தார்கள். கடன்பட்டவனுக்கு எதற்குக் கோபம்? அம்பலத்தார் அந்த ரகம் என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். "வழக்குப் போடுவோம்னு சொல்லு" என்றும் சொன்னார்.

எல்லைக்கு அந்தப்பக்கம்

வழக்கு என்று வாயால் சொல்லலாம். போட முடியாது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். மணமேல்குடியோ பிரிட்டிஷ் சீமை. எங்கள் கோர்ட்டில் வாங்கும் தீர்ப்பை அங்கே கொண்டுபோய் நிறைவேற்றுவதற்குள் நம் சொத்து கரைந்துவிடும் என்று வக்கீலே சொல்லியிருந்தார். இங்கே கடன்பட்டவர்கள் அங்கிட்டுப் போய்விடுவதும், அங்கே பட்டவர்கள் இங்கிட்டு வந்துவிடுவதும் சர்வ சாதாரணம்.

எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்க பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் ஒரு அடுப்பு, அதை ஊத ஒரு ஆள். மேட்டில் ஏறமுடியாமல் நின்றால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அதே பொட்டல், அதே கருவேலம், அதே ஆடு. ராஜ்யம் மாறியது எனக்குத் தெரியவே இல்லை.

அறந்தாங்கியில் சுக்குக் காப்பி குடித்துவிட்டு எங்கள் ஊர் அம்மன் காசை நீட்டியபோதுதான் தெரிந்தது. "இது இங்க செல்லாதும்மா" என்று திருப்பித் தந்துவிட்டார் கடைக்காரர். ராக்காயிக்குத் தாங்கவில்லை. "நம்ம ஆத்தா படம் போட்ட காசு, செல்லாதாமே!" என்று மணமேல்குடி வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

என் தையல்தான்

முக்காலியில் என்னை உட்காரவைத்த அம்பலம் உள்ளே போனார். பணம் எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஒரு காலிச் சாக்கோடு வந்து அதை என் காலடியில் போட்டார்.

"உங்க வீட்டுக்காரரு அனுப்புன சாக்கு. கருவாட்டைக் கட்டிக் குன்றாண்டார்கோவில் மளிகைக் கடைக்கு அனுப்புனேன். கருவாடு கசக்குதுன்னு திரும்பி வந்துருச்சு. கருவாடு எங்கயாவது கசக்குமா? சொல்லுங்க."

"எங்க சாக்குதான்னு எப்படித் தெரியும்?" என்றேன். யார் எதைக் காட்டினாலும் அப்படிக் கேட்கத்தான் என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அவர் பதில் சொல்வதற்குள் ராக்காயி குனிந்து சாக்கின் மூலையைப் புரட்டினாள். "என் தையல்தான் தாயி" என்றாள். "நான்தான் இப்படி ரெட்டை முடிச்சுப் போடுவேன்."

அவளை முறைத்தேன். ஆனால் முறைத்து என்ன செய்ய? சாக்கை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன். முதலில் கருவாட்டு வாசம்தான் வந்தது. சாக்கின் வாயைப் பிரித்து உள்ளே முகத்தை வைத்தேன். அடியில் இன்னொரு வாசம் இருந்தது. தொண்டைக்குப் போனதும் கசந்தது.

வேப்பம்புண்ணாக்கு.

வயலுக்கு எருவாகப் போடுகிற புண்ணாக்கு. அதன் தூள் சணல் இழைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்புக் கருவாடு வேர்க்கும். வேர்த்த கருவாடு அந்தத் தூளை உறிஞ்சியிருக்கும். இவ்வளவும் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. புரியாதது ஒன்றுதான். எல்லாச் சாக்குமா அப்படி? நாங்கள் வேப்பம்புண்ணாக்குச் சாக்கு வாங்கியதாகவே எனக்கு ஞாபகம் இல்லையே!

"நான் போய்ப் பாத்துட்டு வாரேங்க" என்றேன்.

"எங்க?"

"குன்றாண்டார்கோவிலுக்கு."

அம்பலம் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பாக்கி கேட்க வந்தவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள். கருவாட்டைப் பார்க்கக் கிளம்பியவர் யாரும் இல்லை போலிருக்கிறது.

ஒரு கடி

குன்றாண்டார்கோவில் எங்கள் ஊரிலிருந்து மணமேல்குடிக்கு நேர் எதிர்த் திசையில், சமஸ்தானத்துக்குள்ளேயே இருக்கிறது. பாறையைக் குடைந்த கோயில். அதன் நிழல் விழும் தெருவில் சின்னையா என்பவர் மளிகைக் கடை வைத்திருந்தார். ஒல்லியான மனிதர். கேட்ட கேள்விக்குமேல் இரண்டு பதில் சொல்லுவார்.

"அதை ஏன் கேக்குறீங்க! மேலத்தெருவில மாப்பிள்ளை வந்திருக்காருன்னு கருவாட்டுக் குழம்பு வச்சிருக்காங்க. மாப்பிள்ளை ஒரு வாய் வச்சுட்டு, 'என்ன அத்தை, மருந்து கலந்துட்டீங்களா?'ன்னு எந்திரிச்சுட்டாராம். சட்டியோட என் கடைக்குக் கொண்டாந்துட்டாங்க. ஊரே கூடிருச்சு."

"மிச்சம் ஏதாச்சும் இருக்குங்களா?"

எலிகூடத் தின்ன மறுத்த ஒரு வாளைத் துண்டை எங்கோ தேடி எடுத்து வந்தார். ராக்காயி தடுக்கத் தடுக்க நான் ஒரு கடி கடித்தேன். உப்பு. அதற்குப் பின்னால், நாக்கின் அடியில், அந்தக் கசப்பு. தெருவோரம் போய்த் துப்பிவிட்டு வந்தேன். சின்னையா செம்பில் தண்ணீர் தந்தார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, "வந்த மூட்டை எல்லாமே இப்படியா?" என்று கேட்டேன்.

"எல்லாம் எதுக்கு? ரெண்டே ரெண்டு மூட்டை. அதைத் திருப்பிட்டேன். மத்ததை வித்து அம்பலத்தாருக்குப் பணமும் குடுத்துட்டேனே!"

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்பலத்தார் சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. இரண்டு மூட்டைக்காக ஒரு வண்டிச் சாக்கின் பணத்தையும் நிறுத்திவைத்திருக்கிறார். ஏன்?

வீட்டில்

என் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். போன காரியத்தைக் கேட்டார். நான் நேராகக் கேட்டேன்.

"வேப்பம்புண்ணாக்குச் சாக்கு எப்ப வாங்குனீங்க?"

மேலே உத்தரத்தைப் பார்த்தார். "திருச்சி சரக்கு பத்தலை. செக்குக்காரன் கொஞ்சம் குடுத்தான். வெயில்ல போட்டு அடிச்சுத்தான் கலந்தேன்" என்றார்.

"ரெண்டு மூட்டை கருவாடு கெட்டுப்போச்சு. அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேப்போம்."

"தப்பை ஒத்துக்கிறதா? கரையோரம் பூரா, சாக்குக்காரன் ஏமாத்துனான்னு பேசுவான். அப்புறம் ஒருத்தனும் பாக்கி தர மாட்டான். எல்லாப் பயலும் கசக்குதும்பான்!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மாசம் முடிந்துகொண்டிருந்தது. "நீ போகக் கூடாது" என்றார். "அப்ப நீங்க போங்க" என்று சொல்லிவிட்டேன். கால் முறிந்து கிடக்கிறவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடிந்ததும் ராக்காயியைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த ஒரு வார்த்தை

அம்பலம் கடற்கரையில் இருந்தார். வலையிலிருந்து மீனைப் பிரித்துக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "கருவாடு தின்னீங்களா?" என்றார்.

"தின்னேன். கசப்புத்தான். ரெண்டு மூட்டை எங்க தப்புங்க. அந்தக் கருவாட்டு விலையைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க."

"ரெண்டுன்னு யாரு சொன்னது?"

"சின்னையா சொன்னாரு. மத்த மூட்டைக்கெல்லாம் உங்களுக்குப் பணம் வந்துருச்சாமே."

அம்பலத்தாரின் முகம் சிவந்தது. "அவன் வாயில ஒண்ணும் நிக்காதே!" என்றார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு என் பக்கம் வந்தார்.

"அம்மா, ரெண்டு மூட்டை எனக்குப் பெரிசில்லை. கடல்ல போட்டதா நெனைச்சுக்குவேன். வண்டிக்காரன்கிட்ட அந்தச் சாக்கைக் குடுத்து, இப்படி ஆயிப்போச்சு, என்னன்னு பாருங்கன்னு உங்க வீட்டுக்காரருக்கு மரியாதையாத்தான் சொல்லிவிட்டேன். அவரு என்ன சொல்லி அனுப்புனாரு தெரியுமா? அது எங்க சாக்கே இல்லை, அம்பலம் பணம் குடுக்க வக்கில்லாம கதை கட்டுறாருன்னு. பத்துப் பேரு முன்னால வண்டிக்காரன் அதைச் சொல்லுறான். நான் கதை கட்டுறவனா?"

கடல் இரைச்சலையும் மீறி அவர் குரல் வலைவரை கேட்டது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது, கடன்பட்டவனுக்கு எதற்குக் கோபம் என்று. முதல் நாள் அவர் என்னைப் பெயர் சொல்லச் சொல்லி வேடிக்கை பார்த்ததும் எதனால் என்று விளங்கியது. பத்துப் பேர் முன்னால் பட்டதற்குப் பத்துப் பேர் முன்னால் பதில்.

வலையருகில் இருந்தவர்கள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

"அது எங்க சாக்குதாங்க. இல்லைன்னு அவரு சொல்லிவிட்டது தப்பு. நீங்க சொன்னதுதான் நெசம்."

பெயரைச் சொன்னதைவிட இது பெரிய குற்றம் என்று பட்டது.

அம்பலம் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் துடைத்தார். பிறகு, "வாங்க கொட்டகைக்கு" என்றார். கெட்ட கருவாட்டு விலையைக் கழித்துக்கொண்டு மற்றதை அங்கேயே கொடுத்தார். சாயந்தர பஸ்ஸுக்கு நிற்கும்போது நெத்திலிப் பொட்டலம் ஒன்றை ராக்காயி கையில் திணித்தார். "இது கசக்காது" என்றார்.

திருச்சிக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. பெண்களுக்குக் கூலி கொடுத்தேன். கொட்டடியில் மறுபடி ஊசி ஓடியது. ஆனால் கரையில் நான் என்ன சொன்னேன் என்பதை என் வீட்டுக்காரரிடம் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டார். அதன்பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார். தண்ணீர் வேண்டுமானால் செம்பைத் தட்டுவார். மூங்கில் பத்தையை அவிழ்த்த அன்றும் வைத்தியரைப் பார்த்துத்தான் சிரித்தார்.

மீமிசல்

ஒரு காலையில், கோலை ஊன்றிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மீமிசல்ல ஒருத்தரு பாக்கி நிக்கிது" என்றார். "ரொம்ப நாளா இழுக்குறாரு. எனக்கு இன்னும் பஸ் ஏற முடியலை."

"சரி."

"போனதும் பணத்தைக் கேக்காதே."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்கு எப்படி இருந்துச்சுன்னு முதல்ல கேளு" என்றார். "தப்பு நம்ம மேல இருந்தா, இருக்குன்னு சொல்லிட்டு வா."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே கொட்டடிப் பக்கம் போய்விட்டார். எங்களுக்குள் அந்த விஷயத்தைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

மீமிசல்காரர் குண்டான, மரியாதையான மனிதர். பாக்கி கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று தெரிந்து, இரண்டு கையையும் கூப்பி, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு தயாராக நின்றார். நான் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

"எங்க சாக்கு எப்படிங்க இருந்துச்சு? ஏதாச்சும் குறை இருந்தா மறைக்காம சொல்லுங்க" என்றேன்.

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கும்பிட்ட கை இறங்கியது, முகம் மலர்ந்தது.

"குறையா? உங்க சாக்கைக் குறை சொன்னா நாக்கு அழுகிப்போகும்! ஒரு ஓட்டை கிடையாது. என்ன தையல், என்ன கனம்! அந்த மழையிலயும் சரக்கு ஒரு பிடி கெடலையே!"

"கசப்பு, வாடை ஏதாச்சும்?"

"சேச்சே! அவ்வளவும் நல்ல விலைக்குப் போயிருச்சு தாயி!"

எதற்கு இத்தனை நாள் தரவில்லை என்று நான் தேடி வந்த காரணம் ஒன்றுமே இல்லை. இவர் சும்மாதான் தரவில்லை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப பணத்தை எடுங்க" என்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.